பவளத் தொட்டியில் நைட்ரேட் ஏறிவிட்டால் என்ன செய்வது

கடல்நீர்ப் பவளத் தொட்டியில் தீனியும் கழிவும் மக்கிச் சேரும் நைட்ரேட்டை அளக்கும் டெஸ்ட் கிட் குப்பி கரும்சிவப்பாக மாறியதைப் பார்த்ததும் பலரும் அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மீன்கள் தாங்கிக்கொண்டன, பவளங்கள்தான் ஒரு வாரம் சுருங்கியே கிடந்தன. மாதக்கணக்கில் சேர்ந்த 50 பிபிஎம் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) நைட்ரேட்டை ஒரே நாளில் இறக்கினால் அவை என்ன செய்யும், பாவம். வாரத்துக்கு 5 முதல் 10 பிபிஎம் குறைந்தால் தாராளம்.

அதற்கும் முன்னால் அந்த எண் உண்மைதானா என்று பாருங்கள். நைட்ரேட் கிட்டில் வரும் மருந்துகளில் சில அடியில் படிந்துவிடும், சொன்ன நேரத்துக்குக் குலுக்காமல் போட்டால் அளவு குறைத்துக் காட்டும். தொட்டி புதிது, நைட்ரைட் இன்னும் இருக்கிறது என்றால் நைட்ரேட் அளவு ஏறிக் காட்டும். சில கிட்டுகள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் சொல்கின்றன, அதை 4.4-ஆல் பெருக்கினால்தான் நாம் பேசும் நைட்ரேட் வரும். இது தெரியாமல் ‘எனக்கு 10 தான்’ என்று நிம்மதியாக இருப்பவருக்கு உண்மையில் 44.

சரி, எவ்வளவு இருக்கலாம்? எல்லா வகைப் பவளமும் கலந்த தொட்டிக்கு 2 முதல் 10 வரை நல்லது. மென்பவளங்கள் மட்டும் என்றால் 20 இருந்தாலும் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன், அக்ரோபோரா மாதிரி நுணுக்கமானவை இருந்தால் 5-க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். பூஜ்யத்தை மட்டும் குறி வைக்காதீர்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் துடைத்தெடுத்த தொட்டியில் பவளங்கள் வெளிறிப்போகும், கூடவே டைனோ என்கிற பழுப்பு வழவழப்பு குமிழிகளோடு படர ஆரம்பிக்கும். அதை விரட்டுவதற்கு நைட்ரேட்டோடு மல்லுக்கட்டுவதே மேல்.

நைட்ரேட் வருவது பெரும்பாலும் தீனியிலிருந்துதான். தின்றது, தின்னாதது, கழிவு எல்லாம் அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகி நிற்கிறது. இதுவரை ஆக்சிஜன் உள்ள இடத்தில் வேலை விறுவிறுவென்று நடக்கும். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும் பாக்டீரியாவுக்கோ ஆக்சிஜன் இல்லாத இடம் வேண்டும். அது லைவ் ராக் என்கிற, பாக்டீரியா குடியிருக்கும் பாறையின் உள்துளைகளிலும் மணலின் ஆழத்திலும்தான் கிடைக்கிறது, அந்த வேலை ஆமை வேகத்தில் நடக்கிறது.

தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்பி ஏன் ஜெயிக்க முடிவதில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் தொட்டியில் வாரம் 10 பிபிஎம் உண்டாகிறது, வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 இருந்தது 40 ஆகும், அடுத்த வாரத்துக்குள் மறுபடி 50. வருடம் முழுக்க மாற்றினாலும் அங்கேயேதான் நிற்கும். உண்டாவதை வாரம் 5 ஆகக் குறைத்துவிட்டால், அதே 20 சதவீதத்தில் 25-க்கு இறங்கி நிற்கும். தண்ணீர் மாற்றிய உடன் ஒரு முறை, அடுத்து மாற்றும் முன் ஒரு முறை அளந்தால் உங்கள் தொட்டியின் வார உற்பத்தி தெரிந்துவிடும். நைட்ரேட் குறைக்கும் எந்தப் பாட்டிலையும் வாங்கும் முன் இதைக் கண்டுபிடியுங்கள்.

அப்புறம் ஊற்றும் தண்ணீர். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் வரை உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது, அதாவது நமக்குக் குடிக்க நல்ல தண்ணீரே உங்கள் தொட்டியின் பிரச்சினையாக இருக்கலாம். ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்ச உப்பையும் எடுக்கும் டி.ஐ. ரெசினும் இருந்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்ட வேண்டும். ஆவியாவதற்கு ஈடாக ஊற்றும் தண்ணீரையும் அதே கிட்டில் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

அடுத்தது அழுக்கு. வடிகட்டும் பஞ்சு, ஃபில்டர் சாக்ஸ் எல்லாம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாறவில்லை என்றால் பிடித்த அழுக்கு அங்கேயே அழுகிக் கரைகிறது. கேனிஸ்டர் ஃபில்டரை மூன்று மாதம் திறக்காமல் வைத்திருந்து பார்த்தவன் நான், உள்ளே இருந்த சேற்றைச் சொல்லி மாளாது. பாறை இடுக்குகளில் பெரிய பிப்பெட்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழிவைக் கிளப்பிவிட்டு, உடனே சைபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். மணலை ஒரே நாளில் முழுவதும் கிளறாமல் வாரம் கால் பங்காகப் பாருங்கள். ஆழமான பழைய மணல் என்றால் மேலாக மட்டும் போதும், அடியில் ஹைட்ரஜன் சல்பைடு என்கிற நச்சு வாயு இருக்கலாம். தீனி மீன்கள் ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு இருந்தால் சரி. கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மரின் கழுத்தை வாரம் இரண்டு முறை துடையுங்கள், அழுக்கேறினால் நுரை ஏறாது.

தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தொட்டியான சம்ப்பில் இடம் இருந்தால், நைட்ரேட்டை உறிஞ்சும் சீட்டோ பாசி வளர்க்கலாம். தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவில் அதற்கு விளக்கு போட்டால் பி.எச். சரிவும் குறையும். ஆனால் அவ்வப்போது ஒரு கைப்பிடி பிடுங்கி வெளியே போட வேண்டும், இல்லாவிட்டால் செத்து அழுகி வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இவ்வளவு செய்தும் போதவில்லை என்றால் வினிகர். அதிலிருக்கும் கரிமச்சத்து கிடைத்ததும் பாக்டீரியா பெருகும், பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எடுத்துக்கொள்ளும், அந்தப் பாக்டீரியாவில் ஒரு பங்கை ஸ்கிம்மர் வெளியே தள்ளும். அதனால் நல்ல ஸ்கிம்மர் இல்லாத தொட்டிக்கு இது வேண்டாம். 5 சதவீத வெள்ளை வினிகர், நிறம் வாசனை எதுவும் சேர்க்காதது, 100 லிட்டருக்குத் தினம் 1 மில்லி. காலையில் விளக்கு எரியத் தொடங்கியதும், ஓட்டமுள்ள இடத்தில். வாரத்துக்கு ஒருமுறை இன்னொரு மில்லி கூட்டலாம். எண் இறங்கத் தொடங்கியதும் கூட்டுவதை நிறுத்துங்கள், இலக்கை நெருங்கும்போது மெல்லக் குறையுங்கள். பொறுமையில்லாமல் மூன்று நாளில் அளவை மூன்று மடங்காக்கினேன், நான்காம் நாள் விடியலில் தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அப்படி ஆனால் வினிகரை நிறுத்திவிட்டு ஏர் பம்பைப் போடுங்கள்.

பாஸ்பேட்டையும் கூடவே அளந்து வாருங்கள், 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். அது தீர்ந்துவிட்டால் பாக்டீரியா வளராது, வினிகர் எவ்வளவு ஊற்றினாலும் நைட்ரேட் அசையாது. பாஸ்பேட் உறிஞ்சும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

நைட்ரேட்டைப் பிடிக்கும் நன்னீர் ரெசினை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், கடல்நீரில் உள்ள குளோரைடும் சல்பேட்டும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கந்தகத்தில் வளரும் பாக்டீரியாவால் நைட்ரேட்டை வாயுவாக்கும் கந்தக ரியாக்டர் வேலை செய்யும், ஆனால் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும், ஓட்டம் குறைந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். நைட்ரேட் 100-ஐத் தாண்டிய பெரிய தொட்டிக்கு மட்டும் அதை யோசிப்பேன்.

ஒரு மாதமாகியும் எண் அசையவில்லையா? மீன்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடக்கலாம், குறையவில்லை என்றால் கூட்டமே அதிகம். என் தொட்டியில் விஷயம் இரண்டாவதுதான். நன்றாகக் கொழுத்த டேங் மீன் ஒன்றைப் பெரிய தொட்டி வைத்திருந்த நண்பருக்கு மனசில்லாமல் கொடுத்தேன், இரண்டு மாதத்தில் அளவு 8-க்கு வந்தது, வினிகரும் பாதியானது.