ஒரு குண்டுவீச்சுக்கு எத்தனை புள்ளி போடலாம்?

கல்லடியில் என் வீட்டு விறாந்தைக்கு சனிக்கிழமைகளில் உயர்தர மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வரலாறு படிக்க வருவார்கள். ஏப்ரல் வந்தால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். போர்க்காலத்தில் நடந்த துணிச்சலான விமானத் தாக்குதல் ஒன்றை எடுத்து, பட்ட பாட்டுக்கு அது பெறுமதியா என்று பார்த்து, 20க்குப் புள்ளி போட வேண்டும். முதல் தடவை எல்லோரும் 18, 19 என்று அள்ளிப் போடுவார்கள். துணிச்சலைக் கண்டதும் பேனை தானாக ஓடிவிடுகிறது. அந்தப் பேனையைப் பிடித்து நிறுத்த நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது.

உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அன்று காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முற்பகலில், தங்கள் விமானங்களைக் கரையில் விட்டுவிட்டு வெறுந்தட்டோடு வந்துகொண்டிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மஸை நம் கடலில் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த வம்பயர் என்ற போர்க்கப்பலும் போயிற்று. ஹேர்மஸ் இன்றும் மட்டக்களப்புக் கரையிலிருந்து சில மைல் தூரத்தில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே முற்பகலில் நடந்த இன்னொன்று அவ்வளவாகத் தெரியாது. கொழும்பு குதிரைப்பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய பிரித்தானிய பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்பது, யப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கிழக்குக் கடலில் தேடிப் பிடித்தன. அதன் தலைமை விமானந்தாங்கிக் கப்பலான அகாகியின் மேல் குண்டு வீசின. ஒன்றுகூடப் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பி வரவில்லை. இதற்கு எத்தனை புள்ளி?

முதலில், புறப்படுவதற்கு முன் நாளில் நின்று நோக்கத்தை ஒரே வசனத்தில் எழுதுங்கள். பின்னால் வந்த பெருமைப் பேச்சு எதுவும் அந்த வசனத்துக்குள் நுழையக்கூடாது. 'எதிரியின் விமானந்தாங்கிகளைச் சேதப்படுத்துவது.' அவ்வளவுதான். 'துணிவைக் காட்டுவது', 'மனவுறுதியைக் கூட்டுவது' என்றெல்லாம் எழுதினால் நான் வெட்டிவிடுவேன். காரியம் தவறிய பிறகு நோக்கத்தைத் திருத்தி எழுதுவது மனித வழக்கம். கடை நட்டத்தில் போனால் 'அனுபவத்துக்காகத்தான் போட்டேன்' என்று என் மச்சான் சொல்வதைப்போல.

அதே வசனத்தை யப்பானியர் பக்கமும் எழுதிப் பாருங்கள். அவர்கள் வந்தது பிரித்தானியாவின் கீழைத்தேயக் கப்பற்படையை முடித்துக் கட்ட. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பை அடித்தார்கள். கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு குரூசர்களை மூழ்கடித்தார்கள். நான்கு நாள் கழித்து ஹேர்மஸ். கேட்கப் பெரிய வெற்றி. ஆனால் அந்தப் பிரித்தானியப் படையின் தளபதி அட்மிரல் சொமவில்லின் முக்கிய போர்க்கப்பல்கள் அவர்கள் கண்ணில் படவே இல்லை. மாலைதீவின் அட்டுப் பவளத்தீவைத் தளமாக்கிக்கொண்டு தப்பிவிட்டன. அதற்குப் பிறகு அந்தப் படை கென்யாவின் கிலிண்டினி வரை பின்வாங்கியது உண்மை, அதற்குப் புள்ளி கொடுக்கலாம். முழுப் புள்ளி கொடுக்க முடியாது.

அடுத்து, கண்ணால் கண்டவர்களின் பேச்சை எப்படி எடுப்பது. என் பெத்தா அன்று கஞ்சிப் பானையை அடுப்பில் விட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினவ. 'வானமே தெரியல்ல மகன், ஆயிரம் ஏரோப்பிளேன்' என்பா. ஹேர்மஸை நோக்கி அனுப்பப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் சுமார் 85. பெத்தா பொய் சொல்லவில்லை. பயத்துக்கு எண்ணத் தெரியாது. ஆகவே எண்ணிக்கைக்குப் பதிவேட்டிடம் போங்கள், எந்தத் திசையில் சத்தம் கேட்டது, கரையில் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதற்குப் பெத்தாவிடம் வாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பிளென்ஹைம்களைப் பற்றி பெத்தா ஒரு சொல்லும் சொன்னதில்லை. கரையிலிருந்த யாரும் அவற்றின் சண்டையைக் காணவில்லை. காண ஆளில்லாத தாக்குதலுக்குக் கதை குறைவு, கதை குறைந்தால் புள்ளியும் குறைந்துவிடும். அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி, அடிவாங்கியவன் அடுத்த நாள் என்ன செய்தான் என்று எழுதுங்கள். இதற்கு ஜேர்மன் அணைகள் நல்ல பாடம். 1943 மே 16 இரவு பிரித்தானியாவின் 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் போய், தண்ணீரில் துள்ளிப் போகும் குண்டுகளால் மோனே, ஈடர் அணைகளை உடைத்தன. எட்டு விமானங்கள் திரும்பவில்லை, 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். பத்திரிகைக்கு அத்துடன் கதை முடிந்தது. ஆனால் அந்த ஆண்டு செப்டெம்பர் முடிவதற்குள் ஜேர்மானியர் மோனே அணையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். கட்டிக்கொண்டிருந்த மாதங்களில் அந்தச் சாரங்களின் மேல் பிரித்தானியர் குண்டு போடவில்லை. எனக்கு இது இன்றுவரை புரியாத கஞ்சத்தனம். அதேசமயம், கட்டுவதற்கு ஆயிரக்கணக்கான வேலையாட்கள் வேறு இடங்களிலிருந்து இழுக்கப்பட்டார்கள், அதுவும் எதிரிக்கு ஒரு செலவுதான். அணைக்குக் கீழே வெள்ளத்தில் போனவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும் பங்கினர் அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த வெளிநாட்டவர். இவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று மாணவர்கள் கேட்பார்கள். வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தனிப் பக்கம் போடுங்கள், புள்ளி போடும்போது அந்தப் பக்கம் திறந்தே இருக்கட்டும்.

சரி, அகாகிக்கு வருவோம். அந்தக் கப்பல்களில் ராடர் இல்லை. மேலே காவலுக்குச் சண்டை விமானங்கள் பறந்தும், அகாகியில் இருந்தவர்களுக்குக் குண்டுகள் பக்கத்துக் கடலில் விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் விஷயம் விளங்கியது. உயரத்திலிருந்து வருகிறவனைத் தங்களால் காண முடியவில்லை என்பதை நகுமோவின் ஆட்கள் அன்றே படித்திருக்கலாம். படிக்கவில்லை. ஜூன் 4, பசிபிக் கடலில் மிட்வே தீவருகே நடந்த சண்டையில் அமெரிக்க விமானங்கள் அதேபோல மேலிருந்து இறங்கின. அகாகி, காகா, சோர்யூ என்ற மூன்று விமானந்தாங்கிகளும் நிமிடக் கணக்கில் எரிந்தன.

இங்கேதான் மாணவர்கள் வழுக்குவார்கள். 'ஆகவே பிளென்ஹைம்கள் மிட்வே வெற்றிக்கு வழிவகுத்தன' என்று எழுதி 17 போடுவார்கள். ஒன்றின் பின் ஒன்று நடந்தது என்பதால் ஒன்றால் ஒன்று நடந்ததாகாது. யப்பானியர் பாடம் படிக்காமல் விட்டது அவர்களின் பிழை. அதைப் பிரித்தானிய விமானியின் வரவில் எழுத முடியாது. ஒரு சோதனைக் கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: அன்று அந்த ஒன்பது விமானங்கள் போகாமல் இருந்திருந்தால் மிட்வேயில் எது மாறியிருக்கும்? எதுவும் மாறியிருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைசியாக, அன்று அவர்களுக்கு என்ன தெரியும், இன்று உங்களுக்கு என்ன தெரியும் என்பதை வேறு வேறு நிற மையில் எழுதுங்கள். என் கொப்பியில் நீலம் அன்று, சிவப்பு இன்று. சிவப்பில் எழுதியதை வைத்து யாரையும் முட்டாளாக்கக் கூடாது, வீரனாக்கவும் கூடாது.

போன ஏப்ரலில் இதையெல்லாம் சொல்லி முடித்து, பிளென்ஹைம்களுக்கு நான் 7 போட்டேன். ஆரையம்பதியிலிருந்து வரும் பிள்ளையொருத்தி 4 போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"சேர், யப்பான்காரன் இலங்கையில இறங்க மாட்டான் எண்டு எங்களுக்கு இப்பத் தெரியும். ஒன்பதாம் திகதி ஆருக்கும் தெரியாதே. இறங்கியிருந்தா அந்த அஞ்சு விமானமும் தேவைப்பட்டிருக்கும். நீங்க சிவப்பு மையால புள்ளி போட்டிருக்கிறீங்க."

7ஐ வெட்டி 5 ஆக்கினேன். நாலுக்கு இறங்க மனம் வரவில்லை.