மோட்டார்ஹோம் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? ஆஸ்திரேலியாவைச் சுற்றக் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

விக்டோரியாவில் ஒரே நிறுவனத்தில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டால் லாங் சர்வீஸ் லீவ் (நீண்ட காலப் பணிக்கான சம்பள விடுப்பு) ஏறத்தாழ ஆறு வாரம் சேர்ந்துவிடும். அது கைக்கு வந்ததும் மெல்போர்னில் இருக்கும் நம்மவர்களில் பாதிப்பேர் ஊருக்கு டிக்கெட் பார்ப்பார்கள். மீதிப்பேர், இத்தனை வருடம் இருந்தும் பார்க்காத இந்த நாட்டை, படுக்கையும் அடுப்பும் கழிவறையும் உள்ள ஒரு மோட்டார்ஹோமில் சுற்றிவிடலாமா என்று யோசிப்பார்கள். இது அவர்களுக்காக எழுதியது.

வாடகை நாளுக்கு 200 டாலருக்கு மேல் என்று தெரிந்ததும், "அந்தக் காசுக்கு ஒன்றை வாங்கி ஓட்டிவிட்டு அப்புறம் விற்றுவிடலாமே" என்று பேச்சு வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. சிலருக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் இதைத் தீர்மானிப்பது வண்டியின் விலை என்று நினைத்துக்கொண்டு தொடங்கினால் கணக்கு தப்பாகப் போகும். வருடத்தில் எத்தனை இரவு அதில் உண்மையாகவே படுக்கப் போகிறீர்கள் என்பதில் இருந்து தொடங்குங்கள்.

1. முதலில் பாதை, அப்புறம் வண்டி

ஒரு தாளில் போகவேண்டிய இடங்களையும் மாதத்தையும் எழுதுங்கள். நாட்டைச் சுற்றிவரும் ஹைவே 1 மட்டும் சுமார் 14,500 கிலோமீட்டர். ஆறு வாரத்தில் அதை முடிக்க நினைத்தால் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் தினமும் 350 கிலோமீட்டர் ஓட்டவேண்டும். பிள்ளைகளோடு அது பயணமாக இருக்காது. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மாதமும் முக்கியம். வடக்கே டார்வின், காக்கடு பக்கம் என்றால் மே முதல் அக்டோபர் வரை. மற்ற மாதங்களில் மழையால் சாலைகள் மூடிவிடும். டாஸ்மேனியா என்றால் கோடை, அதுவும் டிசம்பர், ஜனவரியில் வாடகை உச்சத்தில் இருக்கும்.

பாதை எழுதும்போதே ஒரு கேள்விக்குப் பதில் வந்துவிடும்: திரும்பி ஓட்டி வரவேண்டுமா? மெல்போர்னில் இருந்து பெர்த் சுமார் 3,400 கிலோமீட்டர். வாடகை வண்டியை அங்கேயே விட்டுவிட்டு விமானத்தில் வந்துவிடலாம். ஒருவழிக் கட்டணம் கொஞ்சம் கேட்பார்கள், அவ்வளவுதான். சொந்த வண்டி என்றால் இடையில் உள்ள நல்லார்பர் சமவெளியைத் திரும்பவும் கடக்கவேண்டும். ஆறு வாரத்தில் ஒரு வாரம் அதற்கே போய்விடும். எங்கள் கணக்கில் வாடகைப் பக்கம் தட்டு தாழ்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

2. படுக்கையை எண்ணாதீர்கள், சீட் பெல்ட்டை எண்ணுங்கள்

ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். ஆறு பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஓடும் வண்டியில் எல்லோரும் பெல்ட் போட்டிருக்க வேண்டும். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். அந்த இருக்கையை மாட்டும் கொக்கி எல்லா சீட்டிலும் இருக்காது. பழைய வண்டிகளில் பின்சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும், கொக்கியே இருக்காது. சின்னப் பிள்ளைகள் இருந்தால், விலை குறைவு என்று நினைத்துப் பார்க்கும் பழைய வண்டிகளில் பலவற்றை இந்த ஒரு விஷயத்துக்காகவே தள்ளிவிட நேரும்.

ஊரில் இருந்து அம்மா அப்பா வந்து சேர்ந்துகொள்வார்கள் என்றால் படுக்கையின் உயரத்தைப் பாருங்கள். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் படுக்கைக்குச் சின்ன ஏணியில் ஏறவேண்டும். கீழே இருப்பதோ பல வண்டிகளில் சாப்பாட்டு மேசையை இறக்கி தினமும் போடவேண்டிய படுக்கை. முழங்கால் வலி உள்ள பெரியவர் இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும் வழியை மனதில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். சாதாரண கார் லைசென்ஸில் 4.5 டன் ஜிவிஎம் (வண்டியின் அதிகபட்ச மொத்த எடை) வரை ஓட்டலாம், பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் அதற்குள்தான் வரும். ஆனால் அந்த எடை, ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்ந்தது. 120 லிட்டர் தண்ணீர் என்றால் 120 கிலோ. நான்கு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏறிய பிறகு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிளைக் கட்டவேண்டும்.

3. வாடகையின் முழு விலையைக் கேளுங்கள்

இணையத்தில் தெரியும் நாள் வாடகை பாதிக் கதைதான். மௌயி, பிரிட்ஸ், அப்பல்லோ, ஜூசி போன்ற நிறுவனங்களில் ஒரே தேதிக்கு விலை கேட்டு, ஒவ்வொன்றிலும் கீழே உள்ளவற்றைச் சேர்த்துப் பாருங்கள்.

எக்ஸெஸ் எவ்வளவு? வண்டிக்கு ஏதாவது ஆனால் முதலில் உங்கள் கையில் இருந்து போகும் தொகை அது, பல ஆயிரம் டாலர் இருக்கும். அதைக் குறைக்க நாளுக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்டவேண்டும். கூரை, அடிப்பாகம், தனியாகச் சறுக்கிக் கவிழ்வது ஆகியவை அந்தப் பாதுகாப்பில் சேருமா என்று கேளுங்கள். சவுத் மெல்போர்னில் மாண்டேக் தெரு பாலம் என்று ஒன்று இருக்கிறது, உயரம் 3 மீட்டர். எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும் லாரிகள் அடிக்கடி போய் மோதும். மோட்டார்ஹோம் பெரும்பாலும் 3 மீட்டருக்கு மேல். கூரைக்குக் காப்பீடு இல்லை என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வண்டியின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது.

மண்சாலையில் போகலாமா? சாதாரண மோட்டார்ஹோமை பெரும்பாலும் விடமாட்டார்கள், முகாமுக்குப் போகும் சில கிலோமீட்டர் மட்டும் விதிவிலக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவின் மண்சாலையான கிப் ரிவர் ரோடு உங்கள் கனவு என்றால் அதற்கு அனுமதி உள்ள நாற்சக்கர இயக்க வண்டிதான் வழி. ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டக்கூடாது என்றும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். கங்காரு குறுக்கே வரும் நேரம் அது. சொந்த வண்டியாக இருந்தாலும் அந்த விதியைக் கடைப்பிடியுங்கள்.

4. வாங்கினால் ஆகும் செலவு

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "75,000-க்கு வாங்கி 62,000-க்கு விற்றால் செலவு 13,000" என்று நிறுத்திவிடுவார்கள். முழுவதையும் எழுதிப் பார்ப்போம். இவை எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொண்ட எண்கள், உங்களுக்குக் கிடைக்கும் விலைகளை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

75,000 டாலர் வண்டியை இரண்டு வருடம் வைத்திருந்தால்:

- விலையில் இறக்கம்: 13,000
- ஸ்டாம்ப் டியூட்டி: 3,000
- ரெஜோ (வண்டிப் பதிவுக் கட்டணம்): 2,000
- இன்சூரன்ஸ்: 3,000
- சர்வீஸ், டயர், பழுது: 4,000
- நிறுத்திவைக்க வாடகை இடம், மாதம் 150: 3,600
- அந்தப் பணம் வீட்டுக் கடனில் கிடந்திருந்தால் மிச்சமாகும் வட்டி, 5 சதவீதம்: 7,500

மொத்தம் 36,100. கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் வீட்டுக் கடனின் வட்டியைக் குறைக்கும் ஆஃப்செட் கணக்கில் இருந்து எடுத்துத்தான் வண்டி வாங்குகிறோம் என்றால் அது மாதாமாதம் கையைவிட்டுப் போகிற நிஜப் பணம்.

வாடகை நாளுக்கு 220, எக்ஸெஸைக் குறைக்க 40, ஆக 260 என்று வையுங்கள். 36,100-ஐ 260-ஆல் வகுத்தால் 139. இரண்டு வருடத்தில் 139 இரவு, வருடத்துக்கு சுமார் 70 இரவு அதில் தங்கினால்தான் வாங்கியது ஈடாகும். டீசலும் கேரவன் பார்க் (வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) கட்டணமும் இரண்டுக்கும் பொது, அதனால் சேர்க்கவில்லை.

முழுநேர வேலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு வருடம் 70 இரவு சாத்தியமா? வருட விடுமுறை நான்கு வாரத்தையும் நீண்ட வார இறுதிகளையும் ஒன்று விடாமல் அதில் கழித்தாலும் 40-ஐத் தாண்டுவது கஷ்டம். ஊரில் கல்யாணம் வந்தால் அதுவும் போச்சு.

பயணம் முடிந்ததும் ஆறு மாதத்துக்குள் விற்றுவிடுவது வேறு கணக்கு. இறக்கம் 6,000, ஸ்டாம்ப் டியூட்டி 3,000, ரெஜோ 500, இன்சூரன்ஸ் 750, பழுது 2,000, வட்டி 1,875 என்று வைத்தால் 14,125 ஆகும். அது சுமார் 55 இரவு வாடகைக்குச் சமம். ஆறு வாரம், அதாவது 42 இரவு என்றால் வாடகை 10,920-தான், வாடகை மலிவு. மூன்று மாதம் என்றால் வாடகை 23,400 ஆகிவிடும், வாங்கி விற்பது நன்றாகவே முந்தும். இத்தனை நீண்ட வாடகைக்கு நாள் விலையைக் குறைத்துத் தருவார்கள், அதையும் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

5. எண்ணில் வராதவை

வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? ஏழு மீட்டர் வண்டி புதிய குடியிருப்புப் பேட்டை வீடுகளின் டிரைவ்வேயில் நிற்காது. தெருவில் விட்டால் அக்கம்பக்கத்தாருக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு வரும்.

நடுவழியில் நின்றால் என்ன செய்வீர்கள்? நல்லார்பரின் இரு பக்கமும் உள்ள செடூனாவுக்கும் நார்ஸ்மனுக்கும் இடையே சுமார் 1,200 கிலோமீட்டர், நடுவில் ரோட்ஹவுஸ்கள் (எரிபொருளும் சாப்பாடும் கிடைக்கும் சாலையோர இடங்கள்) தான். வாடகை வண்டி என்றால் ஒரு எண்ணுக்கு அழைத்துவிட்டு டீ போடலாம். சொந்த வண்டி என்றால் ஆர்ஏசிவி, என்ஆர்எம்ஏ போன்ற வாகன ஓட்டிகள் சங்கத்தில் மோட்டார்ஹோமையும் நீண்ட தூர இழுவையையும் சேர்த்த உயர்ந்த திட்டம் எடுத்திருக்க வேண்டும். சாதாரண கார் திட்டம் அங்கே போதாது.

இதற்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். சொந்த வண்டியில் மசாலா டப்பா அதன் இடத்தில் இருக்கும். தாளித்தால் மெத்தையில் வாசனை ஏறும் என்று பயப்பட வேண்டாம். வாடகை வண்டியில் அதற்கு சுத்தம் செய்யும் கட்டணம் போடுவார்கள். பணி ஓய்வு பெற்று, வருடத்தில் நான்கைந்து மாதம் சாலையில் இருக்கும் தம்பதிகள் இங்கே ஏராளம். அவர்களுக்கு வண்டி இரண்டாவது வீடு. அந்த வாழ்க்கை உங்களுக்கு வாய்க்கும் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

6. வாங்க முடிவு செய்தாலும் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள்

இந்தப் படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வாங்க நினைக்கும் அதே அளவு, அதே அமைப்புள்ள வண்டியாக எடுங்கள். ஃபியட் டுகாட்டோ வேனின் மேல் கட்டியது ஓட்டுவதற்கு ஒரு விதம், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் இன்னொரு விதம். தனியார் வண்டிகளை வாடகைக்கு விடும் கேம்ப்ளிஃபை போன்ற தளத்தில் வாங்க நினைக்கும் மாடலே கிடைக்கலாம்.

குளிர்காலத்தில், மழை வரும் வாரத்தில் எடுங்கள். நாங்கள் ஜூலையில் கிரேட் ஓஷன் ரோடு பக்கம் ஒரு வாரம் போனோம். மூன்று நாள் விடாத மழை. ஈர ஜாக்கெட் நான்கையும் தொங்கவிட இடமில்லை, உள்ளே சமைத்தால் கண்ணாடி எல்லாம் நீர் கோத்துக்கொண்டது. மிக்ஸி ஓடவேண்டும் என்றால் மின் இணைப்புள்ள இடத்தில்தான் தங்கவேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. மூன்றாம் நாளில் இருந்து கேரவன் பார்க்கின் பொது சமையலறையில் மொத்தமாகச் சமைத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது, எனக்கும்தான். கழிவறைப் பெட்டியை டம்ப் பாயின்ட்டில் (கழிவு கொட்டும் இடம்) கொட்டிக் கழுவும் வேலையை வீட்டில் யார் மனம் கோணாமல் செய்வார் என்பதும் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

7. வாடகை என்று முடிவானால்

வண்டி எடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கூரை உட்பட நாலாபுறமும் வீடியோ எடுங்கள். கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், கழிவறைப் பெட்டி எல்லாவற்றையும் அவர்கள் முற்றத்திலேயே உங்கள் கையால் இயக்கிப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் எல்லைச் சோதனையில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலையும் போகாது, பொடியாகக் கொண்டுபோங்கள்.

8. வாங்குவது என்று முடிவானால்

மழை பெய்த மறுநாள் பார்க்கப் போங்கள். ஜன்னல் மூலை, கூரை ஓரம், அலமாரிக்குள் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினாலோ புழுங்கிய வாடை வந்தாலோ தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. எஞ்சினைப் பழுதுபார்க்கலாம், ஊறிப்போன சுவரைப் பிரித்துக் கட்டுவது வண்டியின் விலையைத் தின்றுவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1719 என்றால் 2019-ம் வருடத்தின் 17-வது வாரம் செய்தது. இந்த வண்டிகள் அதிகம் நிற்பவை என்பதால் மேல் பள்ளம் தேயாமலே டயர் முதிர்ந்து வெடிப்பு விட்டிருக்கும்.

வண்டி மேல் கடன் இருக்கிறதா என்று காட்டும் பிபிஎஸ்ஆர் அரசுத் தளத்தில் 2 டாலர் கட்டி வண்டியின் வின் எண்ணை (அடையாள எண்) போட்டுப் பாருங்கள். விற்பவர் கடனை முடிக்கவில்லை என்றால், நீங்கள் முழுப் பணம் கொடுத்த பிறகும் கடன் கொடுத்தவர் வண்டியைத் தூக்கிப் போகலாம். ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதிச் சான்றிதழ்), ஸ்டாம்ப் டியூட்டி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குயின்ஸ்லாந்தில் கேஸ் சான்றிதழும் கேட்பார்கள். தொலைவில் மலிவாகக் கிடைக்கிறது என்று பணம் கட்டும் முன், உங்கள் மாநிலத்துக்கு ரெஜோ மாற்ற என்னென்ன வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கும் நாளையும் இப்போதே குறித்துவிடுங்கள். மெல்போர்னில் ஜூன், ஜூலை குளிரில் மோட்டார்ஹோம் தேடுபவர்கள் குறைவு. டிசம்பர் விடுமுறைக்குக் கிளம்ப நினைப்பவர்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே பார்க்கத் தொடங்குவார்கள். உங்கள் பயணம் ஆகஸ்டில் முடிகிற மாதிரி அமைந்தால், திரும்பி வந்த வாரமே கழுவித் துடைத்து, சர்வீஸ் ரசீதுகளோடு விளம்பரம் போட்டுவிடலாம்.