கல்லூரியின் கல்விசார் விதியொன்றை ஆசிரியர் பேரவை வழியே மாற்றுவது எப்படி?

அரசு நிதியில் இயங்கும் கல்லூரியில் மதிப்பீட்டு முறையையோ வருகைப்பதிவு விதியையோ மாற்ற நினைக்கும் ஆசிரியர், அதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கல்லூரியை நிறுவிய சட்டம், ஆட்சிக்குழுவின் விதிகள், ஆசிரியர் பேரவையின் துணைவிதிகள், துறை அளவிலான நடைமுறைகள் என்ற வரிசையில் இவற்றைப் படியுங்கள். மேலே உள்ளதற்கு முரணாகக் கீழே இயற்றப்படும் விதி, ஒருமனதாக நிறைவேறினாலும் செல்லாது.

பாடத்திட்டம், கற்பிக்கும் முறை போன்றவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கொள்கை. அமெரிக்காவில் பேராசிரியர் சங்கம் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் சேர்ந்து வகுத்த 1966ஆம் ஆண்டு அறிக்கை, இத்தகைய பொருள்களில் ஆட்சிக்குழு ஆசிரியர்களின் முடிவுக்கு மாறாகச் செயல்படுவது அரிதாகவே நிகழ வேண்டும் என்றும், அப்போதும் காரணத்தை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. கல்விசார் அவைகளின் பிரதிநிதிகளில் பெரும்பான்மையினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆசிரியர்களுக்கு வேண்டும் என்று யுனெஸ்கோவின் 1997ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. இவ்விரண்டும் வாதத்துக்கு வலுச்சேர்க்குமே தவிர, உங்கள் கல்லூரியின் துணைவிதிகளுக்கு மாற்றாகிவிடா.

அடுத்தது வரைவு. பெரும்பாலான உழைப்பைக் கோருவதும், பெரும்பாலோர் அவசரப்படுவதும் இங்கேதான். தோல்வியுற்ற பாடத்தை மீண்டும் பயிலும் மாணவருக்குப் புதிய மதிப்பெண்ணை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு எளிய விதி. ஆனால், மறுமுறை பெற்ற மதிப்பெண் முந்தையதைவிடக் குறைந்தால் எது நிற்கும், பழைய மதிப்பெண் சான்றிதழில் இடம்பெறுமா, எத்தனை முறை இந்த வாய்ப்பு உண்டு, வேறு கல்லூரியில் பயின்று வந்தால் ஏற்கப்படுமா என்ற கேள்விகளுக்கு வரைவிலேயே விடை இல்லையென்றால், அந்த விடைகளைப் பின்னாளில் அலுவலக எழுத்தர் ஒருவர் தம் போக்கில் தீர்மானிக்க நேரிடும். ‘வேண்டும்’, ‘கூடும்’ என்ற சொற்களைக் கவனமாகக் கையாளுங்கள்: முன்னது கட்டாயம், பின்னது விருப்புரிமை. விருப்புரிமை தரும் இடங்களில் அதைப் பயன்படுத்தப்போகும் பதவியைக் குறிப்பிடுங்கள். எந்தப் பருவத்திலிருந்து விதி நடைமுறைக்கு வரும், ஏற்கெனவே சேர்ந்து படிப்பவர்களை அது கட்டுப்படுத்துமா என்று சொல்லும் இடைக்காலப் பிரிவு கட்டாயம் இருக்க வேண்டும். என் பார்வையில், இந்தப் பிரிவு இல்லாத வரைவை அவை விவாதத்துக்கே எடுக்கக் கூடாது.

வரைவு ஓரளவு உருப்பெற்றதும், தேர்வுப் பிரிவிடமும் பதிவாளர் அலுவலகத்திடமும் மாணவர் பிரதிநிதிகளிடமும் கருத்துக் கேளுங்கள். கணினி அமைப்பில் செயல்படுத்த முடியாத விதியை நிறைவேற்றிவிட்டு வருந்துவதைவிட, அதை இயக்குபவர்களிடம் முன்பே கேட்பது எளிது. எதிர்ப்பு வரும் என்று தெரிந்த துறையையும் இந்தக் கட்டத்திலேயே அணுகுங்கள். கூட்டத்தில் பலர் முன்னிலையில் ஒரு நிலையை எடுத்துவிட்டவர் அதிலிருந்து இறங்கி வருவது கடினம்.

பிறகு உரிய குழுவின் வழியே பேரவையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறச் செய்ய வேண்டும். அரசுக் கல்லூரிகள் பலவற்றில் கூட்டத்தை முன்கூட்டியே பொதுவில் அறிவிப்பது சட்டக் கடமை என்பதால், கடைசி நேரத்தில் சேர்க்கப்படும் பொருள் மீதான முடிவு பின்னர் கேள்விக்குள்ளாகலாம். முதல் கூட்டத்தில் அறிமுகமும் விவாதமும், அடுத்ததில் வாக்கெடுப்பும் என்று இரண்டு வாசிப்புகளாகப் பிரிப்பது நல்ல வழக்கம். உங்கள் அவை 1876இல் முதன்முதலில் வெளிவந்த ராபர்ட்டின் கூட்ட நடைமுறை விதிகளைப் பின்பற்றுவதாயின், தனி உறுப்பினரின் தீர்மானத்தை இன்னொருவர் வழிமொழிய வேண்டும். குழுவின் சார்பில் வரும் தீர்மானத்துக்கு அது தேவையில்லை. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வாக்கெடுப்பின்போது கூட்டத்துக்குரிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். மாலை நேரக் கூட்டங்களில் அது கரைந்துவிடுவது வழக்கம். திருத்தங்களை எழுத்து வடிவில் மட்டுமே ஏற்பது, எதை ஏற்றோம் என்ற பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும்.

நிறைவேறிய தீர்மானம் முதல்வருக்கோ ஆட்சிக்குழுவுக்கோ செல்லும்போது, வாக்கு விவரத்தையும் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லும் குறிப்பையும் இணைத்தனுப்புங்கள். ஏற்கப்படவில்லையெனில் எழுத்து வடிவில் காரணம் கேளுங்கள். அந்தக் காரணமே அடுத்த வரைவுக்கான வழிகாட்டி. ஏற்கப்பட்டால், மாணவர் கையேடு, இணையதளம், துறை அறிவிப்புகள் ஆகிய மூன்றிலும் ஒரே வாசகம் இருக்கிறதா என்று சரிபார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பழைய விதியின் வாசகத்தையும் அது நடைமுறையில் இருந்த தேதிகளோடு ஆவணத்தில் வைத்திருங்கள். ஆண்டுகள் கழித்துப் பட்டத் தகுதி குறித்து மேல்முறையீடு செய்யும் மாணவருக்கு, அவர் சேர்ந்தபோது எது விதியாக இருந்தது என்பதை அதைக் கொண்டே காட்ட முடியும்.