மட்டக்களப்புக் கடலில் போர்க்காலக் கப்பல்களைக் காணச் செல்வோருக்கு

திருகோணமலை மீதான ஜப்பானிய விமானத் தாக்குதலிலிருந்து தப்புவதற்காகக் கரையோரமாகத் தெற்கே அனுப்பப்பட்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மீஸ், துறைமுகம் திரும்பும் வழியில் 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இடப்பக்கமாகச் சாய்ந்து, ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அது கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீட்டர் என்பதால், ஆழ்கடல் தொழில்நுட்பப் பயிற்சி பெறாதவர்கள் வழிகாட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும் அதற்கு இணங்கக் கூடாது. அவர்களுக்கு, அதே நாளில் மூழ்கி இன்று ஏறத்தாழ 25 மீட்டர் ஆழத்தில் இரண்டாகப் பிளந்து கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலே ஏற்றது. பார்ப்பதற்கும் அதில் குறைவில்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடல் கொந்தளித்து நீர் கலங்கிவிடும் என்பதால், மே முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்மீஸ் முந்நூறுக்கும் மேற்பட்டோரின் கல்லறையாதலால், அங்கிருந்து ஒரு தோட்டா உறையைக்கூட எடுத்துவர வேண்டாம்.