புது பிஸ்டலில் தோட்டா சிக்குகிறதா? முதலில் மேகசினைப் பாருங்கள்

போன வருஷம் புது .32 பிஸ்டல் வாங்கினேன். வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து வண்டன்மேட்டில். பட்டாளத்தில் பல வருஷம் ரைபிள் தூக்கியவன்தான், ஆனால் சொந்தமாகப் பிஸ்டல் வைத்திருப்பது இதுதான் முதல் முறை. கிளப் ரேஞ்சில் முதல் நாள் 25 ரவுண்டு சுட்டதில் ஐந்து முறை சிக்கியது. காரணம் பிடிபட இரண்டு மாதம் ஆனது. புதிதாக வாங்கியவர்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸில் தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால் கம்பம்மெட்டு எல்லையைத் தாண்டி எடுத்துப் போகக் கூடாது. எல்லைப்புறத்தில் இதைப் பலர் கவனிப்பதில்லை.

1. காலியாக இருக்கிறதா?

மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) எடுத்துவிட்டு ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) இழுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்தால் மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். சேம்பரை, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தை, கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள்.

2. எப்படிச் சிக்கியது என்று எழுதுங்கள்

‘ஜாம் ஆச்சு’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. தோட்டாவின் மூக்கு சேம்பருக்கு முன்னால் உள்ள சரிவில் முட்டி நின்றால், மேகசின் ஸ்பிரிங்கையும் மேகசினின் மேல் உதடுகளையும் (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மடிந்த விளிம்புகள்) பாருங்கள். மேகசின் ‘க்ளிக்’ என்று முழுதாக உட்கார்ந்ததா என்பதையும் பாருங்கள். ஸ்லைடு மூட இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே நின்றால், சேம்பரில் அழுக்கு இருக்கலாம், ஸ்லைடு நகரும் தண்டவாளம் போன்ற ஓரங்கள் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்கலாம், ஸ்லைடு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சுட்ட காலிக் கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) வெளியே போகாமல் நட்டுக்கொண்டு நின்றால், பிடி தளர்ந்திருந்ததா என்று யோசியுங்கள். அப்புறம் அந்தக் கேஸை இழுத்து எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா என்பதையும் குறித்து வையுங்கள். மேகசின்களின் அடியில் நெயில் பாலிஷால் 1, 2 என்று எழுதிவிடுங்கள். சிக்கல் எப்போதும் ஒரே மேகசினில் வந்தால் துப்பாக்கியைச் சந்தேகிக்க வேண்டாம், அந்த மேகசினைப் பாருங்கள்.

3. என்னை இரண்டு மாதம் அலைக்கழித்தது

என் குறிப்பேட்டில் ஐந்தில் நான்கு ஒரே மாதிரி இருந்தன. ஸ்லைடு தோட்டாவைக் கொஞ்சம் தள்ளும், பிறகு சுவரில் முட்டியது போல அசையாமல் நிற்கும். சரிவுதான் சொரசொரப்பாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். அரம் போடலாமா என்று கேட்கத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பிஸ்டலைத் தொடவே இல்லை. “தம்பி, அதை அப்படி வைங்க. மேகசினைக் குடுங்க” என்றார். தோட்டாக்களை எப்போதும் போடுவது போலப் போடச் சொல்லி, மேகசினின் பக்கவாட்டுத் துளை வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். மேல் தோட்டாவின் பின்விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது.

.32 தோட்டா, அதாவது 7.65 மி.மீ., ஜான் பிரவுனிங் 1899-ல் வடிவமைத்தது. இதன் பின்விளிம்பு கேஸின் உடலைவிடச் சுற்றிலும் கால் மில்லிமீட்டர் அளவுக்குத் துருத்தியிருக்கும். சேம்பருக்குள் தோட்டா அளவுக்கு மேல் போகாமல் பிடித்து நிறுத்துவது அந்த விளிம்புதான். 9 மி.மீ. தோட்டாவில் இப்படித் துருத்தல் கிடையாது. மேல் விளிம்பு முன்னால் இருந்தால் தடையில்லாமல் வழுக்கிப் போகும். பின்னால் இருந்தால் கீழே உள்ள தோட்டாவையும் சேர்த்துக் கொக்கி போட்டு இழுக்கும். இதை ரிம் லாக் என்பார்கள்.

இப்படிப் பூட்டிக்கொண்டால் ஸ்லைடைப் பலங்கொண்ட மட்டும் இழுத்து அடித்தாலும் சரியாகாது. குழல் இலக்குப் பக்கம் பார்த்திருக்க, விரல் டிரிகரை விட்டு விலகியிருக்க, மேகசினை இழுத்து எடுங்கள். சேம்பரைப் பார்த்த பிறகு, மேகசினில் உள்ள தோட்டாக்களை அமுக்கித் தளர்த்தி ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள்.

வராமல் தடுப்பது போடும் விதத்தில் இருக்கிறது. ஒரு தோட்டாவை வைத்ததும் கட்டைவிரலால் மேகசினின் பின்சுவர் வரை நன்றாகத் தள்ளுங்கள். அது பின்னால் ஒட்டி நிற்கும்போது அடுத்ததை மேலே வையுங்கள். மேல் விளிம்பு முன்னால் விழும். நான் அவசரத்தில் பாதி தள்ளிவிட்டு அடுத்ததைத் திணித்துக்கொண்டிருந்தேன். மூக்கு குட்டையான தோட்டா போட்டால் உள்ளே இடம் அதிகம், முன்னும் பின்னும் ஆடும், இந்தத் தொல்லையும் கூடும்.

அன்றிலிருந்து 150 ரவுண்டுக்கு மேல் சுட்டுவிட்டேன். அந்தச் சிக்கல் ஒரு முறைகூட வரவில்லை.

4. துடைப்பதும் எண்ணெயும்

பித்தளை பிரஷ் குழலுக்கு, நைலான் பிரஷ் மற்ற எல்லாவற்றுக்கும். துடைக்க, பட்டாளத்தில் சிந்தி என்போமே, அந்தப் பழைய பருத்தித் துணிக்கு மேல் எதுவும் இல்லை. எண்ணெய்க்கு மெல்லிய மெஷின் ஆயில், ஓரத்துக்கு ஒரு சொட்டு. மேகசினுக்குள் எண்ணெய் விடவே கூடாது. தூசியைப் பிடிக்கும், தோட்டாவையும் கெடுக்கும்.

மலைமேல் சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் வண்டன்மேட்டில் ஸ்லைடு மெழுகில் நகர்வது போலத்தான் நகரும்.

5. தேய்மானம்: எது சகஜம், எது இல்லை

50, 100, 200 ரவுண்டு முடிந்ததும் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். குழலின் மேலும் ஸ்லைடின் ஓரங்களிலும் கறுப்புப் பூச்சு போய் வெள்ளியாக மின்னுவது சகஜம். இரும்போடு இரும்பு பழகுகிறது.

கவலைப்பட வேண்டியது பிசிறு. கண்ணுக்குத் தெரியாத பிசிறையும் பஞ்சு காட்டிவிடும். கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து ஸ்லைடின் உள் ஓரத்திலும் மேகசின் உதடுகளிலும் மெதுவாக இழுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. எனக்கு இரண்டாம் மேகசினின் இடது உதட்டில் நான்கைந்து இழை மாட்டி நின்றது. வெயிலில் சாய்த்துப் பார்த்தபோதுதான் மயிரிழை போல ஒரு மடிப்பு தெரிந்தது.

வாங்கிய அன்றே ஸ்லைடு ஸ்பிரிங்கைக் காகிதத்தில் வைத்து இரு முனையையும் பென்சிலால் குறியுங்கள். பிறகு அதே காகிதத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு சுருங்கியது என்று தெரியும். இந்த வகைப் பிஸ்டல்கள் பெரும்பாலும் ஸ்லைடின் எடையையும் அந்த ஸ்பிரிங்கையும் நம்பியே இயங்குகின்றன. அது தளர்ந்தால் ஸ்லைடு பின்னால் போய் பிஸ்டலின் சட்டத்தை (ஃபிரேம்) அடிக்கும். சட்டத்தில் அடிபட்ட தழும்போ விரிசலோ தெரிந்தால் அதற்கு மேல் ஒரு ரவுண்டுகூடச் சுடாதீர்கள்.

பிசிறு தேய்ப்பது, உதட்டை வளைப்பது, பாகம் மாற்றுவது எல்லாம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையின் வேலை. 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி லைசென்ஸ் வேண்டும். தெருமுனை லேத் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள். சரிவில் அரம் போடுவதும் கூடாது. கோணம் ஒரு முறை மாறினால் திரும்ப வராது. பெரியவர் அன்று மேகசினைக் கேட்காமல் இருந்திருந்தால் நல்ல பிஸ்டலை நானே கெடுத்திருப்பேன்.

பின்சேர்க்கை: குமுளியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: சரியாகத்தான் போடுகிறேன், ஆனாலும் வீட்டிலிருந்து ரேஞ்சுக்குப் போனதும் முதல் மேகசின் சிக்குகிறது, ஏன் என்று. மேகசினை நிரப்பி, மூக்கு கீழே இருக்கும்படி பையில் போட்டு, மலைப்பாதையில் ஜீப்பில் கொண்டு போயிருக்கிறார். குலுங்கிக் குலுங்கித் தோட்டாக்கள் முன்னால் நகர்ந்திருக்கின்றன. மேகசினைக் காலியாகக் கொண்டு போய் ரேஞ்சில் நிரப்புங்கள் என்றேன். சரியாகிவிட்டதாம்.

இன்னொன்று: ஆடி மழையில் தோல் உறையோடு பீரோவில் வைத்து, எடுக்கும்போது துரு பிடித்திருந்தது என்று இருவர் எழுதியிருந்தார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறையை வெளியே தொங்கவிட்டு, பிஸ்டலை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பூட்டி வையுங்கள். தோட்டாவை வேறு இடத்தில் பூட்டுங்கள்.