கடலோரப் பறவைகளை ஓதம் பார்த்துப் பதிவு செய்வது எப்படி?

விடியற்காலையில் போனால் எல்லாம் பார்க்கலாம் என்ற கணக்கு கடலோரச் சேற்றுவெளியில் செல்லாது. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் கடல்நீர் வற்றும்போது மேயும், ஏறும்போது ஒதுங்கும். நள்ளிரவில் வற்றினால் நள்ளிரவிலும் மேயும்.

கடல்நீர் இப்படி ஏறி இறங்குவதுதான் ஓதம்; ஆகவே முதலில் அதன் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைய நேரம் நாளை சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். உயர் ஓதத்துக்கு 3 மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். ஏறும் நீரே பறவைகளை உங்கள் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். முழுக்க வற்றிய நேரத்தில் போனால் தொலைவில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் கூடுதலாக ஏறும். திரும்பும் வழி அடைபடாத இடமாகப் பார்த்து அமருங்கள்.

8×42 இருநோக்கி (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) போதும். வெயில் முதுகுப்பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். வெயில் ஏறிவிட்டால் கானல் அலகின் வடிவத்தையே கலைத்துவிடும்.

நிறத்தை நம்பாமல் நடையைக் கவனியுங்கள். உப்புக்கொத்தி சில அடி ஓடும், சட்டென நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். சிறு உள்ளான்கள் தலை நிமிராமல் கொத்திக்கொண்டே நகரும். சாம்பல் உப்புக்கொத்தி பறக்கும்போது அக்குளில் கறுப்புத் திட்டு தெரியும். அது ஒன்றே போதும். மணல்நிற உப்புக்கொத்திகளில் அலகும் காலும் தெளிவாகத் தெரியாவிட்டால் ‘இனம் உறுதியில்லை’ என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிட அந்தக் குறிப்புக்குத்தான் மதிப்பு அதிகம்.

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் 10 பறவைகளை எண்ணி, அவை பிடிக்கும் இடத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அளவில் 100 வரை போய், பிறகு நூறு நூறாகக் கூட்டத்தின் மறுமுனை வரை நகருங்கள். அடர்ந்து நிற்கும் நடுப்பகுதியில்தான் எண்ணிக்கை குறைந்துபோகும். அங்கே இரண்டாம் முறை எண்ணுங்கள். கூட்டம் எழுந்து வேறிடத்தில் இறங்கினால் ஒரே பறவைகளை இருமுறை சேர்த்துவிடும் ஆபத்து உண்டு. எண்ணிய நேரம், பறந்த திசை இரண்டையும் அப்போதே குறியுங்கள்.

ஒற்றைக்காலில் அலகைச் செருகி நிற்கும் பறவை ஓய்வில் இருக்கிறது. தலைகள் நிமிர்ந்தால், ஒற்றைக்காலில் நின்றவை இரண்டாம் காலை ஊன்றினால், அங்கேயே நில்லுங்கள். இன்னும் ஓரடி வைத்தால் கூட்டம் எழும். உயர் ஓதத்தில் அவற்றைக் கிளப்புவது பெருங்கொடுமை: இறங்க வேறிடம் இராது, நெடும்பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு வீணாகும். உலர்மணலில் ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால் அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. வந்த காலடித் தடத்திலேயே பின்வாங்குங்கள்.

காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையமோ கொடிபோன்ற சிறு பட்டையோ தெரிந்தால் நிறம், எழுத்து, இடக்காலா வலக்காலா, மூட்டுக்கு மேலா கீழா என்பதை எழுதுங்கள். இடம், வலம் பறவைக்கு உரியவை. உங்களை நோக்கி நிற்கும் பறவையில் இதைத்தான் பலரும் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.