ஏசி வாங்கும் முன் தளத்தைத் தொட்டுப் பாருங்கள்

ஏப்ரல் மாத இரவு ஒன்பது மணிக்கு, ஏசி போட நினைக்கும் அறையில் ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தளத்தில் உள்ளங்கையை வையுங்கள். சுட்டால், கடைக்குப் போவதை ஒரு வாரம் தள்ளிப் போடலாம்.

வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று சுற்றிலும் மலை; நடுவே சட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது சேலம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்க ஆரம்பிக்கும். மாடி வீட்டில் ஏசி போராடுவது காற்றோடு அல்ல, இந்தத் தளத்தோடு. அதை விட்டுவிட்டு எத்தனை நட்சத்திரம் வாங்கினாலும் மின்சாரம் கூரைக்குத்தான் போகும். மொட்டை மாடியில் தட்டோடு பதிப்பதோ, குறைந்தபட்சம் வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பூச்சு அடிப்பதோதான் முதல் செலவாக இருக்க வேண்டும். மேற்குச் சுவரில் ஜன்னல் இருந்தால் அதற்கு வெளிப்பக்கம் ஒரு தட்டி.

இதை நான் தலைகீழாகச் செய்தவன். அழகாபுரத்தில் மாடி அறை, பத்துக்குப் பன்னிரண்டு. கடைக்காரர், “ரெண்டு டன் போட்டுக்குங்க சார், பத்தே நிமிஷத்துல சிலுசிலுன்னு ஆயிடும்” என்றார். ஆனதும் உண்மை. பத்து நிமிடத்தில் கம்ப்ரஸர் நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் தளம் மறுபடி சூடேற்றும், மறுபடி ஓடும். விட்டுவிட்டு ஓடும் ஏசி காற்றில் இருக்கும் ஈரத்தைச் சரியாக இழுக்காது. மே மாதக் கோடை மழைக்குப் பிறகு அந்த அறையில் குளிரும் இருந்தது, கசகசப்பும் இருந்தது.

டன் என்பது பெட்டியின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம்; கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். நூற்றிருபது சதுர அடிக்கு ஒரு டன் என்பது கை கணக்கு. மேல்தளம் வெயிலில் காய்கிற அறை என்றால் ஒன்றரை. அதற்கு மேல் போடச் சொன்னால் சொல்கிறவரைச் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, 1.5 டன் என்று எழுதியதெல்லாம் ஒரே அளவு இல்லை. முழு ஒன்றரை டன் என்றால் 5.2 கிலோவாட்டைத் தாண்ட வேண்டும். 4,700, 4,800 வாட்டில் நிற்பவையும் அதே பெயரில்தான் விற்கின்றன. ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளில் குளிரூட்டும் திறன் வாட் கணக்கில் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள்.

இனி நட்சத்திரம். எத்தனை நட்சத்திரம் என்பதை விட, பக்கத்தில் இருக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்தான் முக்கியம். 4 என்றால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. 5 என்றால் ஐந்து. அதே குளிருக்கு இருபது சதவீதம் குறைவான மின்சாரம். நட்சத்திரமோ காலத்துக்குக் காலம் மாறுவது. 2018 பட்டியலில் ஸ்ப்ளிட் ஏசிக்கு 4.5 இருந்தாலே ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அதை 5 ஆக்கினார்கள், பழைய ஐந்து நான்காக இறங்கியது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய ஸ்டாக்கில் லேபிளின் காலத்தைப் பார்க்காமல் பணம் கட்டுவது நம் ஊரில் சகஜம்.

அந்த லேபிளில் வருட யூனிட் என்று ஓர் எண் இருக்கும். வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு அது. நீங்கள் மூன்று மாதம், ராத்திரி எட்டு மணி நேரம் போட்டால் 720 மணி நேரம்தான். லேபிள் 1,000 யூனிட் என்றால் உங்கள் வீட்டில் தோராயமாக 450. இருபது சதவீத மிச்சம் என்பது 90 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 720 ரூபாய். இரண்டு ஏசிகளின் விலை வித்தியாசத்தை இந்த 720-ஆல் வகுத்துப் பாருங்கள், போட்ட பணம் திரும்ப எத்தனை வருடம் என்று தெரியும். பலருக்கு மூன்று நட்சத்திரமே போதும். ஆனால் பகலிலும் வயதானவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், அல்லது உருக்காலையில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர் இருக்கிறார் என்றால் கணக்கு புரண்டுவிடும். அங்கே ஐந்து நட்சத்திரத்தில் கஞ்சத்தனம் கூடாது.

கணக்கில் விட்டுப்போகும் இன்னொரு விஷயம் கரண்ட் பில்லின் 500 யூனிட் கோடு. இரண்டு மாதத்துக்கு 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரை இருந்த மலிவு விலை போய், அந்த நூறு யூனிட்டும் அடுத்த படியின் விலைக்கு ஏறிவிடும். கிட்டத்தட்ட இரு மடங்கு. 520-ல் நிற்கிற வீடு 480-க்கு இறங்கினால் நாற்பது யூனிட்டோடு இதுவும் சேர்ந்து மிச்சம்.

ரிமோட்டில் 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது மூடநம்பிக்கை. குளிரும் வேகம் கூடாது, நிற்கும் நேரம்தான் தள்ளிப்போகும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழல விடுங்கள், நல்ல தூக்கம் வரும். (ஏற்காட்டில் வீடு இருப்பவர்கள் இதையெல்லாம் படிக்க வேண்டியதே இல்லை.) மார்ச்சில் காற்று காய்ந்து கிடக்கும்போது ஏர் கூலரே போதும், ஏசியை ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் மாட்டுகிற நாள். வெளி யூனிட்டை மேற்கு வெயிலிலோ, பக்கத்து வீட்டுச் சுவருக்கு முட்டுக்கொடுத்தோ வைத்தால் தான் கக்கிய சூட்டைத் தானே குடிக்கும். பழைய ஒயரிங்கில் சொருகாமல் தனி லைன் இழுங்கள், எர்த் சரியாக இருக்கட்டும். செம்புக் குழாய்க்குள் இருக்கும் காற்றை வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவது குறுக்கு வழி; கேஸும் வீண், ஈரம் உள்ளேயே தங்கும். பம்ப் கொண்டு வந்திருக்கிறாரா என்று, மெக்கானிக் ஏணியில் கால் வைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.